தேறல்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில், இரயில் வண்டியின் ஓசை கேட்கும் தொலைவில், ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் ஞாயிறுதோறும் இலக்கிய வகுப்பு ஒன்று நடைபெறுகிறது. நடத்துபவர் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்; எழுபது வயதை எட்டியவர். கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. வருகின்ற பத்துப் பன்னிரண்டு மாணவர்களும் தமிழின் மீது கொண்ட பற்று ஒன்றினாலேயே வருகின்றவர்கள்.

ஒரு ஞாயிறன்று புறநானூற்றின் 56-ஆம் பாடல் பாடமாக அமைந்தது. இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பாண்டியனை நக்கீரனார் பாடிய பாட்டு அது. மன்னனைத் தெய்வங்கள் நால்வரோடு ஒப்பிட்டுப் பாடும் புலவர், இறுதியில், யவனர் கொண்டுவந்த மணமிக்க தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, அதனை உண்டு மகிழ்ந்து வாழுமாறு வாழ்த்துகிறார். தெய்வங்கள் நால்வரையும் ஆசிரியர் அரைமணி நேரம் விளக்கினார். யவனரின் தேறலை அரை நொடியில் கடந்தார்.

பின் வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, தேறல் என்றால் என்ன? எந்தப் பழத்தில் செய்தது? யவனர் என்றால் எந்த ஊர்க்காரர்?"

"தேறல் என்றால் மது; மது என்றால் கேடு. வள்ளுவர் 93-ஆம் அதிகாரத்தில் எல்லாம் சொல்லிவிட்டார். அடுத்த பாட்டுக்குப் போவோம்."

மாணவி அமர்ந்தாள். ஆனால் அவள் முகத்தில் தெளிவு பிறக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற ஆசிரியருக்கு அந்த முகக்குறிப்பு விளங்காமற் போகுமா? கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல், அறிவுரையைக் கொண்டு வாயை அடைத்துவிட்டோம் என்ற எண்ணம் அவரை அன்று முழுதும் உறுத்திக் கொண்டேயிருந்தது.

அவர் அவ்வாறு நடந்து கொண்டதற்குக் காரணம் உண்டு. அவர் பிறந்தது கிள்ளான் பகுதியின் ரப்பர்த் தோட்டம் ஒன்றில். லயத்து வீடுகளுக்கும் கோயிலுக்கும் இடையே, எவரும் கடந்து போகாமல் இருக்க முடியாத இடத்தில், கள்ளுக்கடை நின்றது. அது ஒளிந்து நடந்த கடை அன்று. அரசின் உரிமத்தோடு நடந்த கடை. பால்மரம் வெட்டிய தந்தை மாலையில் அங்கே போவார், இரவில் திரும்புவார். 1965-ஆம் ஆண்டில், மகனுக்குப் பத்து வயதாகும்போது, திரும்பாமலே போய்விட்டார். அன்று முதல் அந்த வீட்டில் கள் என்ற சொல்லும் ஒலித்ததில்லை.

பின்னர், மகன் ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த காலத்தில், தாய் ஒரு செய்தி சொன்னார். 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு, துரைமாரைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்ற இழிவிலிருந்து விடுதலை என்று தொழிலாளர் எழுப்பிய கோரிக்கைகளுள் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. அந்தக் கூட்டத்தில் பதினெட்டு வயது இளைஞனாக நின்று முழக்கமிட்டவர் தந்தை. மூடச் சொன்ன கடை மூடப்படவில்லை. மூடச் சொன்னவரே பின்னாளில் அதன் வாசலில் போய் நின்றார். தாய் இதனை அழாமல்தான் சொன்னார். மகனால் அழாமல் கேட்க இயலவில்லை. மதுவைப் பற்றி எதனையும் அறியாதிருப்பதே அதனை வெறுப்பதற்குரிய வழி என்று அன்று அவர் முடிவு செய்தார்.

அந்த முடிவை அசைத்தது மஸ்ஜித் இந்தியா வீதியில் நிகழ்ந்த ஒரு சந்திப்பு.

கோலாலம்பூரின் நடுவே, 1863-ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம்கள் மரத்தால் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரையே தன் பெயராகக் கொண்ட வீதி அது. பூத்தொடுப்போர், துணிக்கடையினர், நகை வணிகர், மளிகைக்காரர் என்று தமிழோசை ஓயாத இடம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. பேரப்பிள்ளைகளுக்குத் துணி வாங்க வந்த ஆசிரியரை, ஐந்தடி நடைபாதையில் ஓர் இளைஞன் கண்டு கைகூப்பினான். பல ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் அவரிடம் படித்தவன்.

"எங்கே வேலை, தம்பி?"

"பெரிய ஓட்டல் ஒன்றில், ஐயா."

"சமையற்கட்டிலா?"

அவன் உடனே விடை சொல்லவில்லை. "மது பரிமாறும் பிரிவில் இருக்கிறேன், ஐயா. எந்த உணவுக்கு எந்தத் திராட்சை மது ஏற்றது என்று விருந்தினருக்கு எடுத்துச் சொல்வது என் வேலை. உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது."

முன்பாயின் ஆசிரியர் முகம் திருப்பியிருப்பார். ஆனால் விடை பெறாத அந்த மாணவியின் முகம் அவர் கண்முன் நின்றது. சற்றுத் தயங்கி, அதே கேள்வியை இவனிடம் கேட்டார்: "யவனர் பாண்டியனுக்குக் கொண்டுவந்த மது எந்த ஊர்த் திராட்சையில் செய்தது? உனக்குத் தெரியுமா?"

இளைஞன் வியந்து போனான். இருவரும் ஓரத்துக் கடையில் அமர்ந்து பாலில்லாத தேநீர் வரவழைத்தனர். அன்று தொடங்கிய பாடம் சனிக்கிழமை தோறும் நான்கு வாரம் தொடர்ந்தது. ஒரு துளி மதுவும் இல்லாமல், சொல்லும் தேநீரும் கொண்டே நடந்த பாடம் அது. மாணவன் ஆசிரியனானான், ஆசிரியர் குறிப்பேட்டுடன் மாணவரானார்.

"திராட்சை என்று ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோம், ஐயா. ஆனால் மது செய்ய உதவும் இனங்கள் 1,368 என்று ஜான்சிஸ் ராபின்சனும் அவருடைய துணையாசிரியர் இருவரும் 2012-இல் வெளியிட்ட பெருநூல் கணக்கிடுகிறது. அவற்றுள் 377 இத்தாலி நாட்டுக்கு உரியவை. வேறெந்த நாட்டுக்கும் அவ்வளவு இல்லை."

"அத்தனை பெயரையும் எப்படி நினைவில் வைத்தாய்?"

"குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் எங்களை ஒப்பிக்க வைத்தவர் நீங்கள்தானே, ஐயா? அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது."

ஆசிரியர் சிரித்தார், பின்னர் சிந்தனையில் ஆழ்ந்தார். கபிலர் பாடிய பூக்களில் பெரும்பாலானவற்றைத் தாமே கண்டதில்லை. பெயரை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்தோம். இவனோ ஒவ்வொரு பெயருக்கும் நிறமும் மணமும் சுவையும் மண்ணும் சொல்கிறான்.

அவன் வடக்கிலிருந்து தொடங்கினான். ஆல்ப்ஸ் மலையடிவாரத்துப் பியெமொந்தே மாநிலத்தின் குன்றுகளில் விளைவது நெப்பியோலோ. இத்தாலிய மொழியில் 'நெப்பியா' என்றால் மூடுபனி. அது பழுக்கும் அக்டோபர் மாதத்தில் குன்றுகளைப் பனி மூடுவதால் அப்பெயர் வந்தது என்பர். பரோலோ, பர்பரெஸ்கோ என்னும் புகழ்பெற்ற மதுக்கள் அதிலிருந்து பிறப்பவை. நிறம் வெளிறியது, ஆனால் நாவை இறுக்கிப் பிடிக்கும். அதே குன்றுகளில் விளையும் பர்பேரா புளிப்பு மிகுந்தது. அன்றாடம் உணவோடு பருகப்படுவது. தெற்கே இறங்கித் தொஸ்கானா வந்தால் சாஞ்ஜோவேசே. அப்பெயருக்கு யூப்பிட்டர் தெய்வத்தின் குருதி என்று பொருள் கூறுவர். கியாந்தி என்ற மதுவுக்கு உயிர் அதுவே. வெரோனா நகரை அடுத்த மலைச்சரிவுகளில் கொர்வினா என்னும் இனத்தை அறுவடை செய்தபின் தட்டுகளில் பரப்பி, மூன்று நான்கு மாதம் வாட விடுவர். நீர் குறைந்து இனிமை செறிந்தபின்னரே பிழிவர்.

"நம் வீட்டில் வற்றல் போடுவதைப்போல" என்றார் ஆசிரியர்.

"அதேதான், ஐயா. ஆனால் வெயிலில் அன்று, காற்றோட்டமான கொட்டகையில்."

சுவையைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஆசிரியருக்கு ஒரு பெருமிதம் தோன்றியது. பழத்தோலிலும் விதையிலும் உள்ள பொருளொன்று நாவை வறளச் செய்கிறது. அதனை ஆங்கிலத்தில் 'டானின்' என்பர். அதனை விருந்தினர்க்கு விளக்கத் தான் பெரிதும் பாடுபடுவதாக இளைஞன் கூறினான். "எதற்குப் பாடுபடவேண்டும்? துவர்ப்பு என்று சொல். பாக்கிலும் வாழைப்பூவிலும் இருப்பது அதுதானே? அறுசுவையில் அதற்கு ஓர் இடம் தந்து வைத்த மொழியல்லவா நம் மொழி?" என்றார். எதிரில் ஆறிக்கொண்டிருந்த பாலில்லாத தேநீரைச் சுட்டி, "இதிலும் அதுதான்" என்று சேர்த்தார். இளைஞன் அச்சொல்லைத் தன் கைப்பேசியில் குறித்துக் கொண்டான்.

இரண்டாம் வாரத்தில், யவனர் எவ்வூரார் என்ற கேள்விக்கு அவர்கள் வந்து சேர்ந்தனர். இதில் ஆசிரியர் பங்கும் இருந்தது. வரலாற்று நூல்களை அவர் புரட்டிப் பார்த்து வந்திருந்தார். கிரேக்கரைக் குறித்த யவனர் என்னும் சொல் நாளடைவில் உரோமப் பேரரசிலிருந்து வந்தோரையும் குறிக்கலாயிற்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அங்கே இரு பக்கமும் கைப்பிடி கொண்ட நெடிய மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. கேரளத்தின் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்விலும் அவை மிகுதியாகக் கிடைத்தன. அவற்றுள் ஒருவகைச் சாடியின் மண்ணில் கரிய எரிமலை மணல் கலந்திருக்கிறது. இத்தாலியின் நேப்பிள்ஸ் விரிகுடாவைச் சூழ்ந்த கம்பானியா நாட்டு மண் அது. கி.பி. 79-இல் பொம்பெயி நகரைப் புதைத்த வெசூவியஸ் எரிமலையின் அடிவாரம்! முதலாம் நூற்றாண்டில் எழுந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், பாருகச்சத் துறையில் இத்தாலிய மதுவையே பெரிதும் விரும்பினர் என்றும், முசிறியில் மது சிறிதளவே இறங்கியது என்றும் குறிப்பிடுகிறது.

"கம்பானியாவா?" என்று இளைஞன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அங்கே இன்றும் அல்யானிகோ என்ற கறுப்புத் திராட்சை விளைகிறது, ஐயா. எரிமலை மண்ணை விரும்பும் கொடி. மிகத் தாமதமாகப் பழுக்கும். துவர்ப்பும் புளிப்பும் மிகுந்தது. ஆண்டுகள் பல கடந்த பின்னரே இளகும். ஃபலங்கினா என்ற வெள்ளைத் திராட்சையும் உண்டு. கொடியைத் தாங்கும் ஊன்றுகோலால் வந்த பெயராம். ஃபியானோ உண்டு, கிரேக்கர் பெயரையே தாங்கிய கிரேக்கோவும் உண்டு."

"அப்படியானால் பாண்டியன் பருகியது அல்யானிகோவா?"

"அப்படிச் சொல்லிவிட முடியாது, ஐயா. ஈராயிரம் ஆண்டுகளில் கொடிகள் மாறியிருக்கும், பெயர்களும் மாறியிருக்கும். அந்த மண்ணைச் சொல்லலாம்; அந்தக் கொடி இதுவே என்று எவராலும் உறுதி கூற இயலாது."

தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே கோடு கிழித்துப் பேசிய அந்த நேர்மை ஆசிரியரைத் தைத்தது. தாம் அன்று அந்த மாணவிக்குச் சொன்ன விடையில் அது இல்லை.

மற்றொன்றையும் அவர் கேட்டார். கேட்கும்போது குரல் தாழ்ந்தது. "கள்ளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?"

"அடிப்படை ஒன்றே, ஐயா. இனிப்பை நொதி தின்கிறது, சாராயமாக மாற்றுகிறது. கள் மரத்திலிருந்து இறங்கும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும்; மறுநாள் புளிக்கும்; பிறகு காடியாகும். அதனால் இறக்கிய இடத்திலேயே, அன்றைக்கே குடித்தாக வேண்டும். திராட்சை மதுவோ வண்டல் அடங்கித் தெளியும். கீல் பூசிய சாடியில் அடைத்தால் கடல் கடக்கும்."

ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. தெளிந்தது கடல் கடந்து மன்னனின் பொற்கலத்தை அடைந்தது. தெளியாதது தோட்டத்துக் கொட்டகையில், உழைத்துக் களைத்தவன் அன்றைய கூலியை அன்றைக்கே வைத்துவிட்டுப் போகும்படி காத்திருந்தது. ஔவையோடு அதியமான் பகிர்ந்துண்ட கள் நட்பின் அடையாளமாகப் புறநானூற்றில் நிற்கிறது. தந்தைக்கு அதனைப் பகிர்ந்தளிக்க அதியமான் இல்லை. விற்பதற்கு ஒரு கடை இருந்தது. பொருள் ஒன்றாயினும் அது வந்து சேர்ந்த வழி வேறு. தந்தையை வீழ்த்தியது ஒரு குவளை மட்டும் அன்று என்பதை, அறுபது ஆண்டுகளாகத் திறக்க அஞ்சிய கதவைத் திறந்த பின்னரே அவர் கண்டார். அதனால் வெறுப்புக் குறையவில்லை. ஆனால் தந்தைமீது மறைவாகக் கொண்டிருந்த கோபம் குறைந்தது.

மூன்றாம் வாரம் அவரே ஒரு செய்தி சொன்னார். தமிழ்நாட்டுப் பயணமொன்றில் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை உண்டது அவருக்கு நினைவிருந்தது. கறுத்த பழம், வாயிலிட்டதும் பன்னீர் மணம். குளிர்காலம் இல்லாத நிலமாதலால், அங்கே கொடியை வெட்டிவிட்டு ஆண்டில் ஒருமுறைக்கு மேல் அறுவடை செய்கின்றனர். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

"அந்தப் பழத்தின் தாய்வீடு எது தெரியுமா, ஐயா?" என்றான் இளைஞன். "அதன் உலகப் பெயர் ஹாம்பர்க் மஸ்கட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒட்டி உருவாக்கியது என்பர். மரபணு ஆய்வு 2003-இல் அதன் பெற்றோரைக் காட்டிக் கொடுத்தது. ஒன்று, வட இத்தாலி மலைநாட்டின் ஸ்கியாவா. மற்றொன்று, அலெக்சாந்திரியா மஸ்கட். அதனைச் சிசிலியில் சிபிப்போ என்று அழைக்கின்றனர்."

சிபிப்போ விளையும் பந்தெல்லெரியா என்னும் தீவைப் பற்றியும் அவன் கூறினான். சிசிலிக்கும் துனிசியாவுக்கும் இடையே காற்று ஓயாத எரிமலைத் தீவு அது. கொடியைப் பந்தலில் ஏற்றினால் காற்று முறித்துவிடும். ஆதலால் உழவர்கள் மண்ணில் குழி பறித்து, அதனுள் செடியைக் குட்டையாக, புதர் போல் வளர்க்கின்றனர். அந்த வேளாண் முறையை 2014-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. அப்பழத்தை வெயிலில் உலர்த்தி இனிய மது செய்வர். வெறும் உலர்பழமாகவும் உண்பர்.

சிபிப்போ என்ற ஒலி ஆசிரியரின் செவியில் தங்கிவிட்டது. இத்தாலியச் சொல்லாக அது தோன்றவில்லை. திரும்பும் வழியில், பள்ளிவாசலுக்கு அருகே தாம் வழக்கமாக நெய்யும் ஏலமும் வாங்கும் மளிகைக்கடையில் நின்றார். கடையிலிருந்த முதியவர், இளமையில் மதரசாவில் அரபு கற்றவர்.

"வாங்க வாத்தியாரே! பாயசத்துக்குக் கிஸ்மிஸ் வேணுமா?"

"வேண்டும் நானா. கிஸ்மிஸுக்கு அரபு மொழியில் என்ன பெயர்?"

"ஸபீப்" என்றார் நானா, நிறுத்துக் கொண்டே.

ஆசிரியர் திகைத்து நின்றார். சிபிப்போ என்பதன் மூலம் அதுவே! அரபியர் சிசிலியை ஆண்ட காலத்தில் விட்டுச் சென்ற சொல், மதுவின் பெயராக இத்தாலியில் வாழ்கிறது. மதுவைத் தீண்டாத நானாவின் கடையில் அதே சொல் உலர்பழமாக நிறுக்கப்படுகிறது. பாரசீகத்திலிருந்து வந்த கிஸ்மிஸ், மலாயிலும் தமிழிலும் ஒருங்கே வழங்குகிறது. ஒரே கொடியின் கனியை ஒருவர் பிழிந்தார், ஒருவர் உலர்த்தினார். குடியாதவனுக்கும் அந்தக் கொடியில் பங்கு உண்டு. அதனை அறிந்துகொள்ளும் உரிமையும் உண்டு. நானா பொட்டலத்தை நீட்டி, நான்கு பழங்களைக் கூடுதலாகக் கையில் வைத்தார்.

அடுத்த ஞாயிறன்று ஆசிரியர் வகுப்புக்குள் ஒரு கிஸ்மிஸ் பொட்டலமும், குடுவை நிறையப் பாலில்லாத கடுந்தேநீரும் கொண்டு நுழைந்தார். பலகையில் 56 என்று எழுதினார். கேள்வி கேட்ட மாணவியை எழுப்பினார்.

"அம்மா, அன்று நீ கேட்டாய், நான் விடை சொல்லவில்லை. பிழை என்னுடையது. இன்று சொல்கிறேன்."

தேநீரைச் சுவைக்கச் செய்து துவர்ப்பைக் காட்டினார். உலர்பழத்தைத் தந்து செறிந்த இனிமையைக் காட்டினார். கம்பானியாவின் கரிமணலையும் அரிக்கமேட்டுச் சாடியையும் சொன்னார். எந்த இனத் திராட்சை என்பதை உறுதியாகக் கூற இயலாது என்பதையும் மறவாமல் சொன்னார். பின்னர்ச் சொல்லுக்கு வந்தார். தேறு என்றால் தெளி. வண்டல் அடங்கித் தெளிந்ததால் அது தேறல். தேர்வில் தேறுகிறோம் என்பதும், ஒருவரை நம்பித் தேறுதல் என்பதும் அதே வேரில் பிறந்தவை.

"அப்படியானால் வள்ளுவர் கள்ளுண்ணாமை சொன்னது?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

"அதுவும் உண்மை. நான் இதுவரை குடித்ததில்லை, இனியும் குடிக்கமாட்டேன். ஏன் என்பதையும் உங்களுக்குச் சொல்லவேண்டும்" என்ற ஆசிரியர், நாற்காலியை இழுத்து அமர்ந்தார். வகுப்பில் அவர் அமர்ந்து பாடம் சொல்லி எவரும் கண்டதில்லை. கிள்ளான் தோட்டத்தையும், 1941-ஐயும், பதினெட்டு வயதில் முழக்கமிட்ட ஓர் இளைஞனையும், அவன் பின்னாளில் போய் நின்ற வாசலையும் அவர் நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். தந்தையின் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னதும் அன்றுதான்.

மணி பன்னிரண்டைக் கடந்தது. எவரும் எழவில்லை. மாணவி மட்டும் மெல்லக் கை உயர்த்தினாள்.

"ஐயா, அந்தக் கோரிக்கைகள் மொத்தம் எத்தனை? மற்றவற்றையும் சொல்வீர்களா?"

ஆசிரியர் எழுந்து, பலகையிலிருந்த 56-ஐ அழித்துவிட்டு, 1941 என்று எழுதினார்.